அண்ணன் கையில் ஒரு பிளேட்

தட்டில் சோறு விழுந்துவிட்டது. இனி எழுந்து ஓட முடியாது. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சொல்லியிருக்க வேண்டும், இல்லை தண்ணீர்ச் செம்பை வாங்கும்போதாவது, அதுவும் இல்லையென்றால் 'கையக் கழுவிட்டு வாப்பா' என்று ஜெயக்கொடி மதினி சொன்னபோது 'இல்ல மதினி, நான் சாப்பிட வரல, ஒண்ணு சொல்ல வந்தேன்' என்று ஒரே மூச்சில் கொட்டியிருக்கலாம். ஒன்றும் செய்யாமல் போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்து சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டான் தங்கேசு. முன்னால் தட்டு, தட்டில் ஆவி பறக்கும் சோறு, சோற்றில் குழி, குழியில் கோழிக்குழம்பு. எதிரே சுவரில் சாய்ந்து சீனியண்ணன். மடியில் ஒரு தலையணை, தலையணை மேல் முழங்கை வரை கட்டுப் போட்ட வலது கை, தூங்குகிற பிள்ளையைக் கிடத்தின மாதிரி. அந்தக் கையை அச்சு மெஷினில் விட்டது தங்கேசுதான். அண்ணன் விடச் சொல்லவில்லை. சொன்னார் என்று முதலாளியிடம் சொன்னதும் தங்கேசுதான். இந்த இரண்டும் இந்த வீட்டில் யாருக்கும் தெரியாது, அதனால்தான் கோழி. 'ரத்தம் கொட்டக் கொட்ட ஒரு ஆளு பைக்க ஓட்ட, பின்னால இவரத் தாங்கிப் பிடிச்சுக்கிட்டே கொண்டுபோய்ச் சேத்திருக்கான், வேற எவன் செய்வான்' என்று மதினி பக்கத்து வீட்டுக்காரியிடம் சொன்னது சந்தில் நுழையும்போதே அவன் காதில் விழுந்தது. அப்போதே திரும்பியிருக்கலாம். அதற்குள் சைக்கிளை ஓரமாக நிறுத்தியாகிவிட்டது. சரி, சாப்பிட்டுக்கொண்டே சொல்லிவிடலாம். முதல் வாயை முழுங்கிவிட்டு. இல்லை, முதல் வாயில் சொன்னால் சோறு பாழாகிவிடும், பாதியில் சொல்லலாம். பாதி என்பது எது, கறிக்கு முன்னாலா பின்னாலா.

தட்டு கனமாக இருந்தது. விளிம்பில் பெயர் வெட்டியிருந்தது, சீனிராஜ் ஜெயக்கொடி என்று புள்ளி புள்ளியாக. கல்யாணத்துக்கு யாரோ செய்த தட்டு, அண்ணன் சாப்பிடுகிற தட்டு. அண்ணனுக்கு இப்போது ஒரு கிண்ணம், அதில் ஸ்பூன், இடது கை. ஸ்பூன் கிண்ணத்தின் ஓரத்தில் இடித்து இடித்துச் சோற்றைத் தேடியது. 'ஏன் மதினி அண்ணன் தட்டுல எனக்குப் போட்டீங்க' என்று கேட்க வாயெடுத்தான், கேட்டால் 'அவரு எங்க இப்ப தட்டுல சாப்பிடறாரு' என்று பதில் வரும், கேட்காமலே வந்துவிட்டது மாதிரி காது சுட்டது. வலது கையால் பிசைந்தான். பிசைகிற கையைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. ஐந்து விரலும் தானாகப் போய் வருகின்றன, குழம்பைச் சோற்றோடு சேர்க்கின்றன, எலும்பை ஒதுக்குகின்றன, ஒருத்தரும் சொல்லித் தராமல். இதே கையின் கட்டைவிரல்தான் மெஷின் பட்டனை அமுக்கியது. விரலை வெட்டிப் போட்டுவிட்டா சாப்பிட முடியும். பெரிய மனுசன் மாதிரி யோசிக்காதே, சாப்பிடு. 'நல்லா அள்ளிச் சாப்பிடுடா, பொம்பளப்பிள்ள மாதிரி கொறிக்கிற' என்றார் அண்ணன். 'பசிக்கலண்ணே.' 'ஒன் வயசுல நான் ஒரு பிளேட் புரோட்டாவ நின்னுக்கிட்டே முடிப்பேன்.' 'இப்பயும் முடிப்பாரு, ஊட்டி விடத்தான் ஆளு வேணும்' என்றாள் மதினி, சிரிக்காமல்.

அண்ணனின் மகள் கனிஷ்கா இரண்டாம் வகுப்பு. அப்பாவுக்குத் தம்பி மாதிரி என்று அவனைச் சித்தப்பா என்று கூப்பிடச் சொல்லியிருந்தார்கள், மீசை முளைக்காத சித்தப்பா. அவள் தட்டுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து அவன் சாப்பிடுவதை டிவி பார்ப்பது போலப் பார்த்தாள். 'சித்தப்பா, அப்பா கைக்குள்ள ஒரு பிளேட் இருக்கு, தெரியுமா?' தெரியும் என்று தலையாட்டினான். 'டாக்டர் வச்சாரு. இஸ்க்ரூ போட்டு.' 'ம்.' 'அதுல சாப்பிட முடியாது.' 'ஏன்?' 'ரொம்பச் சின்னது. ஒரு இட்லிகூட நிக்காது.' அண்ணன் சிரித்தார், சிரித்ததில் கை அசைந்து முகம் கோணிற்று, உடனே சரிசெய்துகொண்டார். தங்கேசு அதைப் பார்த்தான். பார்க்காமல் இருந்திருக்கலாம். எக்ஸ்ரேயில் அவன் அந்தப் பிளேட்டைப் பார்த்திருக்கிறான், வெள்ளை எலும்பின் மேல் இன்னும் வெள்ளையாக, சின்ன ஏணி மாதிரி. உலகத்தில் எத்தனை பிளேட். எஸ்தர் மிஸ் பதினொன்றாம் வகுப்பில் ஒரு நாள் முழுக்க இந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டினார்கள். சோறு போடுவதும் பிளேட், வண்டிக்குப் பின்னால் நம்பர் எழுதுவதும் பிளேட், டாக்டர் வீட்டு வாசலில் பெயர் எழுதி மாட்டுவதும் பிளேட், பூமிக்கு அடியில் நகர்ந்து நகர்ந்து நிலநடுக்கம் வரவைப்பதும் பிளேட். ஒருத்தனுக்கு ஒன்றைப் பாடுபடாமல் கொடுத்தால் பிளேட்டில் வைத்துக் கொடுத்தான் என்று வெள்ளைக்காரன் சொல்வானாம். என் பிளேட்டில் நிறைய இருக்கிறது என்று ஒருத்தன் சொன்னால் என்ன அர்த்தம், எழுது என்று பரீட்சையில் வந்தது. 'அவனுக்கு ரொம்பப் பசி, நிறையப் போட்டுக்கொண்டான்' என்று எழுதினான் தங்கேசு. மிஸ் அதை வகுப்பில் சத்தமாக வாசித்தார்கள். தாங்க முடியாத அளவு வேலையும் கவலையும் இருக்கிறது என்பதுதான் அர்த்தமாம். 'ஒனக்குத் தட்டக் கண்டா சோறு மட்டும்தான் ஞாபகம் வருமா?' 'வேற என்ன மிஸ் வரும்?' என்றான், அவன் உண்மையாகத்தான் கேட்டான், வகுப்பு சிரித்தது, திமிர் என்று வெளியே நிறுத்தினார்கள். அதற்கப்புறம் அவன் அதிக நாள் போகவில்லை. அதுக்காகத்தான் படிப்பை விட்டான் என்று இல்லை, பிடிக்கவில்லை, விட்டான். இப்போது மிஸ் வந்து கேட்டால் சொல்லுவான். தட்டு நிறையச் சோறு இருக்கிறது மிஸ், பசி இல்லை, ஒரு வாய் இறங்க மாட்டேன் என்கிறது, இப்ப மார்க் போடுங்க.

அச்சாபீசில் சேர்ந்த அன்றைக்கு வேறொரு பிளேட்டைக் காட்டினார் அண்ணன். மெல்லிசான அலுமினியத் தகடு, பாய் அளவுக்கு, அதில் பச்சையாகக் காலண்டர் முருகனும் தேதிகளும். 'இதான் பிளேட்டு. இத உருளைல மாட்டணும். ஓரம் மடங்கிருச்சுன்னா போச்சு. குழந்தையத் தூக்குற மாதிரி ரெண்டு கையாலயும் தூக்கு.' இந்த ஊரில் ஓடி முடிந்த பிளேட்டை யாரும் தூரப் போடுவதில்லை. எடைக்குப் போடுவார்கள், இல்லை குளியலறைக் கதவுக்கு அடிப்பார்கள். இந்த வீட்டுக் கதவிலும் அடித்திருக்கிறது, கை கழுவப் போகும்போது பார்த்தான், ஏதோ ஒரு வருஷத்துத் தை மாதம், பாதி லட்சுமி, ஒரு ஜவுளிக்கடைப் பெயர். மெஷினில் ஓடுகிற பிளேட்டில் பசை காய்ந்து ஒரு மூலையில் கறை நின்றால் மெஷினை நிறுத்திவிட்டு ஸ்பாஞ்சை நனைத்துத் துடைக்க வேண்டும். துடைக்கிற ஆள் ஒரு பக்கம், உருளையைக் கொஞ்சங் கொஞ்சமாக நகர்த்துகிற பட்டன் மறுபக்கம். பழைய மெஷின், மூடி கீடியெல்லாம் எப்போதோ கழன்று போயிருந்தது. ஒருத்தரை ஒருத்தர் பார்க்க முடியாது. அதனால் குரல். பட்டனில் நிற்கிறவன் 'விடவா?' என்று கேட்பான், உள்ளே கைவிட்டிருக்கிறவர் கையை வெளியே எடுத்துக்கொண்டு 'விடு' என்பார், அப்புறம்தான் அமுக்க வேண்டும். ஊர் முழுக்க எந்த ஆபீசுக்குப் போனாலும் இந்தச் சத்தம் கேட்கும், விடவா, விடு, விடவா, விடு, புறா குனுகுற மாதிரி. அண்ணன் முதல் நாளே சொன்னார். 'கேளு. பதில் வரட்டும். வந்தப்புறம் அமுக்கு. பதில் வரலயா, மறுபடி கேளு. அப்பயும் வரலயா, சுத்திக்கிட்டு வந்து என் மூஞ்சியப் பாரு. புரிஞ்சதா?' புரிந்தது. இதில் புரியாமல் போக என்ன இருக்கிறது.

அது எப்படி நடந்தது என்று அவனைக் கேட்டால் சொல்லத் தெரியாது. போன் பார்க்கவில்லை. தூக்கக் கலக்கம் இல்லை. எல்லாரும் அப்படித்தான் ஏதாவது ஒன்று இருக்கும் என்று நினைப்பார்கள், ஒன்றும் இல்லை, அதுதான் அசிங்கம். விடவா என்றால் விடு என்று வரும், எப்போதும் வரும், அது வந்து வந்து, வராமல் இருக்கும் என்பதே மறந்துபோனது. கேட்கிற வாயும் அமுக்குகிற விரலும் ஒன்றாகிவிட்டன. 'விடவா' என்றான், 'வா' முடிவதற்குள் கட்டைவிரல் போய்விட்டது. அவ்வளவுதான். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது, அது 'விடு' இல்லை. ஒரு வார்த்தையே இல்லை. அப்புறம் துணி, வேஸ்ட் துணியைச் சுருட்டிச் சுருட்டிக் கையில் கட்டியது, பைண்டிங் ஆள் ஒருத்தரின் பைக், நடுவில் அண்ணன், பின்னால் அவன், அண்ணனின் தலை அவன் நெஞ்சில் சாய்ந்து சாய்ந்து விழுந்தது, முன்னால் போன லாரியின் நம்பர் பிளேட்டையே பார்த்துக்கொண்டு போனான், அந்த நம்பர் இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது, அண்ணனின் முகம் எப்படி இருந்தது என்று நினைவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் முதலாளி வந்து இறங்கினார். 'யார்டா விடச் சொன்னது?' என்றார். அதட்டக்கூட இல்லை. 'அண்ணன்தான் விடுன்னாரு' என்றது வாய். யோசித்துச் சொல்லவில்லை. கட்டைவிரல் மாதிரியே போய்விட்டது. முதலாளி 'ம்' என்றார், தோள் கொஞ்சம் இறங்கியது, அவருக்கும் அது வசதியாக இருந்தது போல. உள்ளே அண்ணன் மயக்கத்தில் இருந்தார். அப்போதே ஓடிப்போய் 'இல்ல முதலாளி' என்று சொல்லியிருந்தால் அது பொய் ஆகியிருக்காது, வாய் தவறியது என்று ஆகியிருக்கும். அது எத்தனை நேரம் வரைக்கும் வாய் தவறியதாக இருந்தது, எப்போது பொய் ஆனது? டீ வாங்கிவரப் போனானே, அப்போதா.

'இன்னொரு துண்டு' என்று மதினி கரண்டியை நீட்டினாள். கையைக் குறுக்கே வைத்தான். 'எடுடா கைய' என்று அண்ணன் சொன்னார், சொல்லிவிட்டு அவரே ஒரு கணம் நின்றார், மதினியும் நின்றாள், அப்புறம் கறி விழுந்தது. தொடைத் துண்டு. மதினி கரண்டியைச் சட்டியில் போட்டுவிட்டு, யாரிடமும் இல்லாமல் சுவரைப் பார்த்துச் சொன்னாள். 'இவரு எதுக்குத்தான் விடுன்னு சொல்லல. பிள்ளைய ஸ்கூல்ல திட்டுறாங்கன்னா விடு. தண்ணி வரலன்னா விடு. எங்க அண்ணன் வீட்டு விசேஷத்துக்கு வாங்கன்னா அதயும் விடு. மெஷின் மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு, அதுக்கும் சொல்லிட்டாரு.' 'ஏய், சாப்பிடற எடத்துல.' 'இல்ல, தெரியாமத்தான் கேக்கேன். கைய உள்ள வச்சிக்கிட்டு எந்த ஆம்பளயாவது விடும்பானா?' அண்ணனின் கிண்ணத்தில் ஸ்பூன் சுற்றியது. தங்கேசு அள்ளிய சோற்றைத் தட்டிலேயே போட்டான். இப்போது சொல். இதை விட நல்ல இடம் வராது. சொல்லவில்லை மதினி, அண்ணன் சொல்லவே இல்லை. ஐந்தே வார்த்தை. தண்ணீர் குடித்தான். தண்ணீரோடு சேர்ந்து அதுவும் இறங்கிவிட்டது.

டீக்கடையில் நடந்தது இவர்களுக்குத் தெரியுமா? தெரியாமல் இருக்க வேண்டும். ஆபீஸ் ஆட்கள் எல்லாரும் கூடுகிற கடை, அங்கே அண்ணனுக்குப் பெயர் வைத்துவிட்டார்கள், விடுசீனி. ஒருத்தன் வடை அடுக்கின கண்ணாடிப் பெட்டிக்குள் கையை விட்டுக்கொண்டு கண்ணை மூடி 'விடு' என்றான், இன்னொருத்தன் பெட்டிக் கதவைச் சாத்தினான், கடையே சிரித்தது. ஊரில் பேர் வாங்கின மெஷின்மேன். தாளை விரலால் தடவியே மை கூடுதலா குறைச்சலா என்று சொல்லுகிறவர். தங்கேசும் சிரித்தான். சிரிக்காமல் இருந்தால் கண்டுபிடித்துவிடுவார்களோ என்றுதான் சிரித்தான் என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டான், அது முழு உண்மை இல்லை, அந்த ஆள் பெட்டிக்குள் கையை விட்ட விதம் நிஜமாகவே சிரிப்பாக இருந்தது. அந்தச் சிரிப்புதான் படுக்கும்போது வந்து நிற்கிறது, அண்ணனின் கைகூட அப்படி வருவதில்லை. சிரித்துக்கொண்டிருக்கும்போதே வயதான பைண்டர் ஒருத்தர் சொன்னார், 'சீனி அப்படிச் சொல்ற ஆளு இல்லப்பா. எவனோ பிளேட்டத் திருப்பிப் போடுறான்.' பேச்சை மாற்றிப் பேசுகிறவனைச் சொல்லுகிற பேச்சு அது. எந்த பிளேட், யார் திருப்பினது, எஸ்தர் மிஸ் பட்டியலில் அது இல்லவே இல்லை. அதுகூடத் தன் விஷயத்தில் சரியில்லை என்று தங்கேசு நினைத்தான். திருப்பிப் போட வேண்டுமென்றால் முதலில் ஒரு தடவையாவது நேராகப் போட்டிருக்க வேண்டும். சரி, இப்படி வார்த்தை வார்த்தையாக எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாயே, இது எதுக்கு. சொல்லாமல் இருப்பதற்கு.

'தங்கேசு' என்றார் அண்ணன். மதினி சட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போயிருந்தாள். கனிஷ்கா எலும்பை நாய்க்குப் போட வாசலுக்குப் போயிருந்தாள். 'ஒண்ணு கேக்கவா?' 'கேளுங்கண்ணே.' 'நான்... விடுன்னு சொன்னேனாடா?' தங்கேசு தட்டைப் பார்த்தான். சோறு குறைந்து நடுவில் தட்டு தெரிந்தது, அதில் ஒரு தலை, கலங்கலாக, யாருடைய தலை என்று சொல்ல முடியாது. 'இல்ல, நீ பொய் சொல்ல மாட்ட, அது எனக்குத் தெரியும். ஆனா நானும் படுத்துக்கிட்டே யோசிச்சு யோசிச்சுப் பாக்குறேன், என் வாயிலருந்து வந்த மாதிரியே இல்லடா. ஸ்பாஞ்ச நனச்சது ஞாபகம் இருக்கு. மூலைல கறை, அது ஞாபகம் இருக்கு. நீ கேட்டது கேட்டுச்சு. அதுக்கப்புறம் ஒண்ணுமே இல்ல. சொல்லியிருப்பேன், எல்லாத்துக்கும் சொல்றவன்தான, இவ சொல்ற மாதிரி. நீதான காதால கேட்ட, அதான் கேக்கேன். சத்தமா சொன்னேனா, மெதுவாவா?' இதைத்தான் அவன் எதிர்பார்க்கவில்லை. திட்டுவார் என்று எதிர்பார்த்தான், தெரிந்துகொண்டு பேசாமல் இருப்பார் என்றுகூட ஒரு பயம் இருந்தது. இந்த மனுசன் தன் வாயைத் தானே சந்தேகப்படுகிறார். தன் கையை மெஷினுக்குத் தானே கொடுத்தேனா என்று அவனிடமே, வேறு யாரிடமும் இல்லாமல் அவனிடமே, எந்தச் சத்தத்தில் கொடுத்தேன் என்று விசாரிக்கிறார். குறுக்கே யாரும் வரவில்லை. மதினி உள்ளேதான் இருந்தாள். தெருவில் ஹாரன்கூட இல்லை. எவ்வளவோ நேரம் இருந்தது. 'மெதுவாத்தாண்ணே' என்றான்.

அண்ணன் தலையை ஆட்டினார். 'அப்ப சரிதான்' என்றார். ஏதோ ஒரு கணக்கு ஒருவழியாக முடிந்தது மாதிரி ஒரு அமைதி முகத்தில் வந்தது. அதைப் பார்க்க முடியவில்லை. 'நாளைக்கு ஆபீசுக்கு வரலாம்னு இருக்கேன். முதலாளிகிட்ட ஒரு மன்னிப்புக் கேட்டுருவோம். பழைய ஆளு, தப்பு நம்ம பேர்ல, ஒத்துக்கிட்டா பைண்டிங் பக்கமாவது உக்காரச் சொல்லுவாரு. எந்த மெஷின்லயும் இனி நம்மள ஏத்த மாட்டாங்க, அது வேற. நீயும் பக்கத்துல நில்லு, சரியா? தனியாப் போக ஒரு மாதிரியா இருக்கு.' 'சரிண்ணே.' மன்னிப்பு. எதுக்கு மன்னிப்பு. அவர் நின்று கையைக் கட்டிக்கொள்ளக்கூட முடியாது, கட்டுப் போட்ட கையை வைத்துக்கொண்டு முதலாளி முன்னால் நிற்பார், பக்கத்தில் தங்கேசு நிற்பான். வாய்க்குள் கோழி ரப்பர் மாதிரி இருந்தது. சொல்லிவிடுடா. இப்பவும் நேரம் இருக்கிறது. மெதுவாகவும் இல்லை சத்தமாகவும் இல்லைண்ணே. 'அண்ணே' என்றான். 'என்ன?' அண்ணன் முகத்தை நிமிர்த்தினார், சவரம் செய்யாத முகம், இடது கையால் சவரம் செய்ய வராது. 'ரசம் இருக்கா?' என்றான் தங்கேசு. 'ஏ, தம்பிக்கு ரசம் கேக்குது பாரு' என்று அண்ணன் சந்தோசமாக உள்ளே குரல் கொடுத்தார்.

ரசம் வந்தது. குடித்தான். விரலை நக்கினான், நக்கியது தெரிந்ததும் நிறுத்தினான். தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்தபோது மதினி பிடுங்கினாள், 'கொண்டா, விருந்தாடி வந்த பிள்ள தட்டு கழுவுறதா.' அதைக் கழுவவாவது விட்டிருக்கலாம் அவள். குளியலறைக் கதவில் பாதி லட்சுமி பார்த்துக்கொண்டிருக்க, தை மாதத்துக்கு எதிரே நின்று கையைச் சோப்புப் போட்டுக் கழுவினான், கட்டைவிரலைத் தனியாக. மஞ்சள் போகவில்லை. திரும்பி வந்தபோது அண்ணன் சுவர்ப் பக்கம் சரிந்து படுத்திருந்தார், வலிக்குப் போட்ட மாத்திரை வேலை செய்ய ஆரம்பித்திருக்கும், முகம் தெரியவில்லை, முதுகும் தலையணை மேல் கையும் மட்டும். கனிஷ்கா அந்தக் கட்டின் மேல் பேனாவால் ஒரு வட்டம் வரைந்து, வட்டத்துக்குள் மூன்று இட்லி வரைந்துகொண்டிருந்தாள். செருப்பை மாட்டினான். வாசலில் இறங்கி, பாதி திரும்பி, 'வரவாண்ணே?' என்றான்.

பதில் வரவில்லை. தூங்கிவிட்டாரோ, காதில் விழவில்லையோ. பதில் வரவில்லையென்றால் மறுபடி கேட்கச் சொல்லியிருந்தார். அப்போதும் வரவில்லையென்றால் சுற்றிக்கொண்டு வந்து மூஞ்சியைப் பார்க்கச் சொல்லியிருந்தார். தங்கேசு சைக்கிள் ஸ்டாண்டைத் தட்டிவிட்டு மிதித்தான்.